மணமகள் அறையில் மச்சானும் நானும்

என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். "கார்ப்பெட் போடுகிறேன்" என்று சொன்னால், "கல்யாணத்துக்குச் சிவப்பா விரிப்பாங்களே, அதுவா?" என்பார்கள். அது பந்தல்காரர் வேலை. அவர் விரிப்பார், விருந்து முடிந்ததும் சுருட்டுவார், வண்டியில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். நான் போடுவது சுருட்ட முடியாத சங்கதி. தரையோடு பசை போட்டு ஒட்டி, நான்கு சுவருக்கும் நகம் நுழையாதபடி வெட்டி, வாசல்படியில் ஓரம் பெயராமல் அலுமினியப் பட்டை அடித்துவிட்டு வந்தால், பிறகு அதை எடுக்கக் கடப்பாரை வேண்டும்.

"செஞ்சியில இதுக்கெல்லாம் வேலை இருக்குதா?" என்பது அடுத்த கேள்வி. ஏன் இல்லாமல்? பல் ஆஸ்பத்திரி, நகைக்கடை மாடி, வங்கி மேனேஜர் அறை, சர்ச் நடை, பள்ளிவாசல், கல்யாண மண்டபத்து ஏசி அறைகள். ஏசி மாட்டிய மறுமாதமே தரை வெறுமையாக இருப்பதாக அந்த முதலாளிகளுக்குத் தோன்றிவிடும். கோட்டை பார்க்க வருகிறவர்களுக்கு ரூம் விடுகிறவர்களும் இப்போது கூப்பிடுகிறார்கள். வேலைக்குப் பஞ்சமே இல்லை. அதுதான் என் கஷ்டம்.

சென்னையில் பெரிய ஓட்டல்கள் கட்டும் இடத்தில்தான் தொழில் பழகினேன். எங்கள் ஊர் மண்டகப்பட்டுக்குப் பக்கம். அங்கிருந்து பெயின்ட் வேலைக்கென்று போனவனை, ஆள் குறைகிறது என்று கார்ப்பெட் கூட்டத்தில் தள்ளிவிட்டார்கள். பிடித்துத்தான் செய்தேன், பொய் சொல்லக் கூடாது. உள்ளங்கையால் தடவினால் கார்ப்பெட்டின் மயிர் ஒரு பக்கம் படியும், மறுபக்கம் எதிர்க்கும். இரண்டு துண்டை இணைக்கும்போது இரண்டும் ஒரே பக்கம் படிய வேண்டும். ஒன்றைத் திருப்பிப் போட்டுவிட்டால், ஒரே சுருளில் வெட்டிய துண்டுகளே இரண்டு நிறமாகத் தெரியும். இதையெல்லாம் கை தானாகவே கற்றுக்கொண்டது. அந்த வயதில் முழங்கால் என்று ஒன்று உடம்பில் இருப்பதே எனக்குத் தெரியாது.

இந்தத் தொழில் முழுக்க முழங்காலில் நின்று செய்வது. அளப்பது, பசை தேய்ப்பது, வெட்டுவது எல்லாம் மண்டியிட்டுத்தான். போதாததற்குக் கிக்கர் என்று ஒரு கருவி. அதன் முன்பக்கப் பற்கள் கார்ப்பெட்டைக் கவ்வும். பின்பக்கம் ஒரு மெத்தை இருக்கும். அந்த மெத்தையை முழங்காலால் இடிக்க வேண்டும். ஒவ்வோர் இடிக்கும் கார்ப்பெட் விரல் அகலம் முன்னே போகும். சுவர் வரும்வரை இடித்துக்கொண்டே போவோம். திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். "இனிமே முழங்கால் போட்டு உட்காராதீங்க" என்றார். என் தொழிலைச் சொன்னேன். அவர் மாத்திரை எழுதினார்.

என் மனைவியின் அண்ணன்தான் என் முதலாளி. எங்கள் கல்யாணம் முடிந்த கையோடு, காந்தி பஜாரிலிருந்து கொஞ்சம் தள்ளி, தரைவிரிப்பும் திரைச்சீலையும் விற்கும் கடை ஒன்றை மச்சான் திறந்தார். கீழே கடை, மாடியில் நாங்கள். பக்கத்து வீட்டில் அவர் குடும்பம். காலையில் நான் படி இறங்கினால் கடை, இரவில் படி ஏறினால் வீடு. இரண்டுக்கும் நடுவில் அவர் நாற்காலி. ஊரார் முன்னால் "வாங்க மாப்ள" என்பார். கடைக்குள் நுழைந்ததும் "நீ" ஆகிவிடும். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். நல்லவரிடம் மாட்டிக்கொண்டவனுக்குத்தான் போக வழி கிடையாது.

வேலையை விட வேண்டும் என்று எத்தனையோ தடவை பேச்செடுத்திருக்கிறேன். அவரிடம் ஒரு சாமர்த்தியம் உண்டு. பேச்சு எங்கே போகிறது என்பது நான் வாய் திறக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். அல்லது, "இரு மாப்ள, பேங்க் மூடிடுவான்" என்று வண்டியை எடுத்துவிடுவார். சாப்பிடும்போது பிடிக்கலாம் என்று பார்த்தால், சாப்பிடும்போது பேசக்கூடாது என்பார். அவர் முதுகைப் பார்த்துப் பேசியதுதான் அதிகம்.

போன வருஷம் திண்டிவனம் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஆள் எடுத்தார்கள். என்னோடு படித்த ஒருவன் அங்கே வேலை செய்கிறான். அவன்தான் சொன்னான். ஒரு நாள் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிற சாக்கில் போய்ப் பார்த்தேன். கண்ணாடி அறைக்குள் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கால் இரண்டையும் முன்னால் நீட்டி வைத்திருந்தார். அந்தக் கால்களைப் பார்த்து நான் பட்ட பொறாமையை வேறு எதைப் பார்த்தும் பட்டதில்லை. மேனேஜரிடம் பேசினேன். அவரும் நல்லபடியாகவே பேசினார். அமாவாசை அன்று சாயந்திரத்துக்குள் வருவேனா மாட்டேனா என்று சொல்லிவிட வேண்டும், அதற்குமேல் வேறு ஆளை எடுத்துவிடுவோம் என்றார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "போங்க. ஆனா எங்க அண்ணங்கிட்ட நேரா சொல்லிட்டுப் போங்க. திருட்டுத்தனமா போவாதீங்க."

"நீ சொல்லேன்."

"நான் சொன்னா அழுதுடுவேன். அப்புறம் அதுவும் அழும். நீங்களே சொல்லுங்க."

மச்சான் அழுவாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் சொன்னது நியாயம். அவர் கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டு, அவர் தங்கையைக் கட்டிக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் வேறு வேலைக்குப் போனால் என்னை என்னவென்று சொல்வார்கள்? சொல்லாமல் போக முடியாது. சொல்லவும் அவர் விடமாட்டார். நாள் மட்டும் ஓடியது.

அமாவாசையும் வந்துவிட்டது. ஒவ்வோர் அமாவாசைக்கும் மச்சான் குடும்பத்தோடு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விடுவார். மதியம் கிளம்பினால்தான் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும், நேரமானால் படியில்கூட இடம் இருக்காது. அப்படிப் போனால் மறுநாள்தான் திரும்புவார். எனக்கு மதியம் வரைதான் நேரம். அன்று பார்த்து ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் மணமகள் அறைக்குக் கார்ப்பெட் போடும் வேலை. கல்யாணம் நெருங்கிவிட்டதால் அன்றே முடித்தாக வேண்டும். உடன் வேலை செய்பவன் ஊரில் சாவு என்று போயிருந்தான். தனியாகத்தான் ஆரம்பித்தேன்.

பசை போட்டு ஒட்டுகிற வேலையில் ஒரு முறை இருக்கிறது. முதலில் கார்ப்பெட்டை அறை முழுக்க விரித்து, சுவருக்குச் சரியாக உட்கார வைத்துவிடுவோம். பிறகு வாசலுக்கு எதிர்ப்பக்கப் பாதியை வாசல் பக்கமாக மடித்துப் போட்டு, வெளியே தெரிகிற தரையில் பசை தேய்த்து, பதம் வந்ததும் அதைத் திரும்ப விரித்து அழுத்துவோம். அது ஒட்டிய பிறகு வாசல் பக்கப் பாதி. இதை உள்பக்கமாக மடித்துப் போட வேண்டும். பசையை வாசல்படியில் தொடங்கி, பின்னோக்கி நகர்ந்து, அறையின் நடுவரை தேய்த்துக்கொண்டு வர வேண்டும். ஏனென்றால் மடித்த கார்ப்பெட்டை உள்ளே இருந்துதான் வாசலை நோக்கித் தள்ள முடியும். வெளியே நின்றால் அது கைக்கே எட்டாது. அதனால் இரண்டாம் பாதியில் கார்ப்பெட் போடுகிறவன் அறைக்குள் அடைபட்டுத்தான் ஆக வேண்டும். முன்னால் ஈரப் பசை, பின்னால் சுவர். பதம் வரும்வரை, நெருப்பே பிடித்தாலும், அங்கேயே உட்கார வேண்டியதுதான்.

முதல் பாதி முடிந்து நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மச்சான் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, மேல்மலையனூர் போகிற கோலம். வேலை நடக்கிற இடத்துக்கு அவர் வருவதே அபூர்வம். மண்டபத்துக்காரர் கேட்டாராம், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒட்டி முடித்த பக்கத்தில் நடந்து பார்த்தார். ஜன்னல் ஓரமாகப் போய் நின்றார். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"நல்லா வந்திருக்குது மாப்ள" என்றார். "நான் கெளம்பறேன்."

"மச்சான், ஒரு நிமிஷம் இந்த மடிப்பைப் புடிச்சிக்கோங்க. ஆள் இல்ல."

வாசல் பக்கப் பாதியை உள்ளே மடித்து நீட்டினேன். பாவம், பிடித்துக்கொண்டார். நான் பசை வாளியை எடுத்துக்கொண்டு வாசல்படிக்குப் போனேன். அந்த நிமிஷம்வரை எனக்கு எந்தத் திட்டமும் இல்லை. பல் வைத்த தகட்டால் முதல் கை பசையை இழுத்ததும்தான் புத்தி வந்தது. இந்த மனிதர் இன்று தெருவில் இறங்க முடியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. வழக்கத்தைவிட வேகமாகத் தேய்த்தேன். ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை இடைவெளியே விடாமல், படி முழுவதையும் அடைத்துவிட்டேன்.

அவர் போன் அடித்தது. எடுத்துப் பேசினார், "வந்துட்டேன் வந்துட்டேன்" என்றார். வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் புரிந்தது.

"இன்னா மாப்ள இது? நான் எப்படிப் போறது?"

"காயணும் மச்சான்."

"தாண்டிடறேன்." வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை எட்டிப் போட்டார். கால் பசையில் பட்டதுதான் தாமதம், அதைத் திரும்ப எடுப்பதற்குள் அவர் தள்ளாடிய தள்ளாட்டத்தைச் சொல்லி மாளாது. என் தோளைப் பிடித்துத்தான் விழாமல் நின்றார். உள்ளங்காலில் பசை நூல் நூலாக இழுத்தது. நான் துணி கொடுத்தேன். அவர் கால் பதித்த இடத்தில் மறுபடி தேய்த்து அழித்தேன். பிறகு இருவரும் ஒட்டிய பாதியில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் தரையில் பக்கம் பக்கமாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"மச்சான், நான் வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்."

அவர் போனை எடுத்தார். அதில் ஒன்றும் இல்லை. கீழே வைத்தார். வாசலைப் பார்த்தார். பசை பளபளவென்று கிடந்தது.

நான் விடவில்லை. முழங்காலைச் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். காலையில் மாடிப்படி இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது, கோயிலில் விழுந்து கும்பிட்டால் எழுந்திருக்கத் தூணைத் தேட வேண்டியிருக்கிறது, எல்லாம் சொன்னேன். பங்க் வேலையையும் சொன்னேன். சாயந்திரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றேன். மூக்கை உறிஞ்சினேன். பசை நாற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் உண்மையில் எனக்கு அழுகைதான் வந்தது.

அவர் கேட்டு முடித்துவிட்டு, பசை பட்ட உள்ளங்காலைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த மேனேஜர் எனக்கு போன் பண்ணாரு" என்றார் கடைசியில்.

"எப்ப?"

"நாலஞ்சு நாள் ஆவுது. நம்ம கடை ஆளுதானேன்னு விசாரிச்சாரு. ஆளு எப்படின்னாரு. தங்கமான ஆளுன்னு சொன்னேன். நாள் முழுக்க நிக்கணும், நிப்பாரான்னு கேட்டாரு."

"நிக்கணுமா? உக்கார்ற வேலைன்னுல்ல நெனச்சேன். ரூம்ல நாற்காலி போட்டிருக்குதே."

"அது மொதலாளியோட மச்சினன் நாற்காலி மாப்ள. உனக்கு வெளியில, வெயில்ல, பைப்பைப் புடிச்சிக்கினு நிக்கிற வேலை."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நிக்க முடியாதுன்னு சொன்னேன்."

"மச்சான்!"

"உண்மையைத்தானே சொன்னேன்? நீ படி எறங்கறத தெனமும் பாத்துக்கினுதானே உக்காந்திருக்கேன். செவுத்தைப் புடிச்சிக்கினு, ஒவ்வொரு படியா. உன் கால் சத்தத்தை வெச்சே இன்னிக்கு வலி எப்படின்னு சொல்லுவேன்."

நான் மறைத்து வைத்திருந்தேன் என்று நினைத்ததை அந்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்தபடி தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தெரிஞ்சும் தெனம் வேலைக்கு அனுப்பினீங்களா?" என்று கத்திவிட்டேன். மண்டபத்தில் எதிரொலி கேட்டது.

"அனுப்பாம?" அவரும் குரலை உயர்த்தினார். "எனக்கு இன்னா தெரியும் இதுல? ஒரு துணி கிழிக்கத் தெரியுமா? எந்தங்கச்சி, அவர் மெட்ராசுலயே கெடக்கறாரு, எப்படியாவது கூட்டிக்கினு வான்னு அழுதுச்சி. கூட்டிக்கினு வரணும்னா இங்க ஒரு வேலை வேணும். உனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். அதான் கடை போட்டேன். நான் விதை நெல்லு யாவாரம் பண்ணிக்கினு இருந்தவன் மாப்ள. எனக்கு இந்தக் கடையே புடிக்காது. காலையில ஷட்டர் தூக்கும்போதே அந்தப் பசை நாத்தம் கொமட்டும். நீ போயிட்டா அன்னிக்கே இழுத்து மூடணும். மூடிட்டு நீயும் நானும் எங்க போறது, சொல்லு. உன் காலுக்கு ஒரு வேலை இருந்தா நானே கூட்டிக்கினு போய் வுடறேன். தேடாம இருக்கேன்னா நெனச்ச?"

தங்கையைப் பற்றிச் சொன்னபோது அவர் கண் கலங்கியது. என் மனைவி சொன்னது சரிதான். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போகவில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. நான் விட்டுப் போக நினைத்ததற்கு எது காரணமோ, அதையே காரணமாக வைத்து அந்த பங்க்கின் கதவும் மூடிவிட்டது. திட்டுவதற்குக்கூட சரியான ஆள் இல்லை. முழங்காலையா திட்டுவது?

நான் குனிந்து புறங்கையால் பசையைத் தொட்டுப் பார்த்தேன். ஒட்டியது, ஆனால் கையோடு வரவில்லை. பதம் வந்துவிட்டது. இனி தாமதித்தால் காய்ந்து வீணாகிவிடும்.

"எந்திரிங்க" என்றேன். இருவரும் மடிப்பைப் பிடித்து வாசலை நோக்கி விரித்துக்கொண்டே போனோம். வாசல்படியில் கார்ப்பெட் விரல் அகலம் குறைந்தது. இது சகஜம். கிக்கரால் இடித்து நகர்த்த வேண்டும். நான் கிக்கரை எடுத்ததும் அவர் என் கையிலிருந்து அதைப் பிடுங்கினார். வெள்ளை வேட்டியோடு மண்டியிட்டு உட்கார்ந்தார். "எங்க இடிக்கணும், காட்டு" என்றார். காட்டினேன். இடித்தார். கார்ப்பெட் அசையவில்லை. ஓங்கி இன்னொன்று இடித்தார். "ஐயோ" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பசை காத்திருக்காது. நான் அவரை நகரச் சொல்லிவிட்டு மண்டியிட்டேன். இடிக்க இடிக்கக் கார்ப்பெட் நகர்ந்து படியில் வந்து உட்கார்ந்தது. ஓரத்தை வெட்டிப் பட்டை அடித்தேன். மயிரை ஒரு பக்கமாகத் தடவிவிட்டேன். அறை அழகாக இருந்தது. என் கைக்கு வருத்தமே தெரியவில்லை, அது பாட்டுக்கு நன்றாகச் செய்துவிட்டிருந்தது.

மச்சான் கையைக் கொடுத்து என்னைத் தூக்கிவிட்டார். அவரும் நொண்டிக்கொண்டுதான் படி இறங்கினார். கீழே வண்டியில் ஏறும்போது, "நாளைக்கு மேல்சித்தாமூர்ல ஒரு வூட்டுல அளவு எடுக்கணும் மாப்ள. மாடி ரூம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். கேட்டுக்கொள்ளாமலே இருந்துவிட்டால்கூடப் பரவாயில்லை என்பது போலச் சொன்னார். நான் சரி என்றேன். அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்விட்டார்.

மண்டபத்துக் குழாயில் கை கழுவும்போது போன் வந்தது. அவள்தான்.

"எங்க அண்ணங்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அழுதுச்சா?"

"கொஞ்சம்."

"இன்னா சொல்லிச்சி?"

"நாளைக்கு மேல்சித்தாமூர்ல வேலை இருக்குதாம்" என்றேன்.